பதினான்காவது வரிசை

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது கட்டிச் சொன்ன கதை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ரேடார் வண்டியின் உள்ளறையில் ஒரே வரிசையில் நான்கு இருக்கைகள். உள்சுவரை ஒட்டிய மெத்தை இருக்கையில் கமாண்டர். அவருக்குப் பக்கத்தில், திரைக்கு நேர் எதிரே, ரேடார் திரையைப் பார்த்துச் சொல்பவன்; அவனை எல்லோரும் திரைக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு அடுத்து வண்டியின் டிரைவர். கடைசியில், கதவோரத்து மடக்கு நாற்காலியில் விசாரணை அதிகாரி. அவளை எல்லோரும் மேடம் என்றார்கள்.

மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். வெளியே இன்னும் நல்ல வெயில். பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் அந்த வண்டிக்குள் உட்கார்ந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வண்டி, இதே முற்றத்தில்தான் நின்றது. சண்டை மூளும் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. கமாண்டருக்கு முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை என்று பெயர். வெயில் பட்டால் கறுத்துவிடுவார் என்று கேலி. அன்று வண்டியைச் சுவர் நிழலுக்குத் திருப்பிப் போடச் சொன்னார். டிரைவர் திருப்பினார். ஆனால் வண்டி திரும்பியது திரைக்குத் தெரியாது. வடக்கு எது என்று மறுபடியும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கால் மணி நேர வேலை. திரைக்காரன் அதைக் கேட்டதற்குக் கமாண்டர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்.

"வடக்கு எங்கயும் ஓடிடாதுடா. அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று மாலை பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு பயணிகள் விமானம் கிளம்பியது. தன் பாதையில், இவர்களை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. வடக்கைத் தவறவிட்ட திரையில் மட்டும் அது எல்லைப் பக்கமிருந்து நேராக இவர்களை நோக்கி வந்தது. தலைமையகத்துக்குப் போட்ட போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கமாண்டர் "அடி" என்றார். திரைக்காரன் ஏவுகணைப் பொத்தானை அழுத்தினான். ஆறு பதினான்கு. விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

விசாரணையில் கமாண்டர் வேறு கதை சொன்னார். வடக்கைச் சரிபார்த்துவிட்டதாகத் திரைக்காரன்தான் சொன்னானாம். விமானி பாதை மாறி எங்களை நோக்கி வந்தார் என்று எழுதியும் கொடுத்தார். டிரைவரிடம் எதைக் கேட்டாலும் ஞாபகம் இல்லை என்றார். கல்யாண நாளைக் கேட்டிருந்தால்கூட அதையேதான் சொல்லியிருப்பார்.

மேடத்தின் அலுவலக வாசல் பெஞ்சில் தினமும் ஒரு பெண் வந்து உட்காருவாள். விமானியின் மனைவி. நிவாரணம் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அவர் பாதை மாறலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும்."

அந்த ஒரு வரிக்காகத்தான் மேடம் மூன்று மாதம் கழித்து இன்று எல்லோரையும் பழையபடி உட்கார வைத்திருந்தாள். குழாய்களில் ஏவுகணை இல்லை. அந்த வட்டாரத்து வானத்தில் இன்று எந்த விமானத்துக்கும் அனுமதி இல்லை. வடக்கை மட்டும் இந்த முறை அவளே பக்கத்தில் நின்று சரிபார்க்க வைத்தாள். திரை துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

கமாண்டர் தன் கதையை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக் காதைத் தேய்த்தார்.

"ஏசியைக் குறைப்பா. காது அடைக்குது."

ஏசி போடவே இல்லை. டிரைவர் அதைச் சொன்னார். சொல்லும்போதே அவரும் காதுக்குள் விரலை விட்டார். மேடத்துக்கும் அடைத்தது, மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைக்குமே, அப்படி. வண்டியோ சரளைக்கல் தரையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஆறு பத்து. எங்கிருந்தோ ஒரு மணி.

டிங்.

வண்டியில் அப்படி ஒரு மணியே கிடையாது. திரைக்காரன் மெல்லத் தலையைத் தூக்கினான். "மேடம்... திரையில ஒண்ணு தெரியுது."

ஒரே ஒரு புள்ளி. எல்லைப் பக்கமிருந்து.

அன்று திரை பொய்யாகக் காட்டிய அதே திசை. இன்று வடக்கு சரியாக இருந்தது. திரை பொய் சொல்லவில்லை. அது நிஜமாகவே அவர்களை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

மேடம் கதவைத் தள்ளி வானத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு மேகம்கூட இல்லை. சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். புள்ளி பாதி தூரத்தைத் தாண்டியிருந்தது.

ஆறு பன்னிரண்டு.

தலைமையகத்துச் செய்தி வரும் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு ஓர் ஆணின் குரல். பதற்றமில்லாத, பழகிய குரல்.

"பயணிகள் கவனத்துக்கு. உங்கள் கேப்டன் பேசுகிறேன். நாம் நம்முடைய பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்."

அதே குரல் தொடர்ந்தது.

"கமாண்டர் சார்... நாங்க உங்களை நோக்கி வந்ததா எழுதிக் குடுத்தீங்களே."

கரகரப்பு.

"வந்துட்டோம். உங்க சீட் காலியாத்தான் இருக்கு."

கமாண்டர் எழுந்தார். மூவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார். வண்டியிலிருந்து இறங்க மூன்று இரும்புப் படிகள்.

தட்.

தட்.

தட்.

சரளைக்கல்லில் கால் விழும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

மேடம் எட்டிப் பார்த்தாள். முற்றம் காலி. ஒரே ஒரு வாசல். அதைப் பூட்டிக்கொண்டு காவலாளி நின்றிருந்தான். யாரும் வரவில்லை என்றான். திரையில் புள்ளியும் இல்லை.

மணி ஆறு பதினான்கு.

இரவு எட்டு மணிவரை தேடினார்கள். சுவரடி, சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டி, ஒன்று விடவில்லை. அதன் பிறகுதான் சரக்குக் கிடங்கிலிருந்து போன் வந்தது. கிடங்கு அரை மணி நேரப் பயண தூரம். விமானத்தின் பொறுக்கி எடுத்த மிச்சத்தை அங்கேதான் வைத்திருந்தார்கள். தப்பிய இருக்கைகளைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்பிருந்த வரிசைப்படியே அடுக்கியிருந்தார்கள். கதவில் பூட்டு. பூட்டின்மேல் அரக்கு. அரக்கில் மேடத்தின் பெருவிரல் ரேகை. சாவி அவள் கைப்பையில்.

"மேடம், உள்ள டிங்குனு மணி அடிக்குது" என்றான் அங்கிருந்த காவலாளி.

அரக்கு உடையவில்லை. அவள்தான் உடைத்தாள்.

பதினான்காவது வரிசை. ஜன்னலோர இருக்கை. கமாண்டர் பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

புருவத்தில் உறைபனி.

மேடம் முன்னும் பின்னும் பார்த்தாள். மற்ற வரிசைகளில் பெல்ட்டுகள் கருகித் தொங்கின. பதினான்காம் வரிசையில் மீதி மூன்று இருக்கைகளில் மட்டும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஒழுங்காக விரித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ வந்து உட்காருவதற்காக.

மறுநாள் காலை, கூப்பிடாமலே டிரைவர் வந்து நின்றார். ஞாபகம் வந்துவிட்டது என்றார். நிழல், வண்டியைத் திருப்பியது, வடக்கு ஓடிவிடாது என்றது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே திரைக்காரன் வந்தான். முதல் நாளிலிருந்து சொன்னதைத்தான் மறுபடியும் எழுதினான். கடைசியில் ஒரு வரி சேர்த்தான்: பொத்தானை அழுத்தியது நான்.

"இதுக்கு ஜெயில்தான்னு தெரியும்ல?" என்று மேடம் கேட்டாள்.

"தெரியும் மேடம். அந்த சீட்டுக்கு ஜெயில் மேல்."

இரண்டு வாக்குமூலங்களையும் எடுத்துக்கொண்டு அவள் தன் துறையின் இயக்குநரிடம் போனாள். அவர் இரண்டையும் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். அவர் கையில் வேறொரு கடிதம் தயாராக இருந்தது. விமானி பாதை மாறினார் என்று தட்டெழுதி, கீழே அவள் பெயரும் போட்டிருந்தது.

"செத்துப்போன மனுஷன் மேல சேத்தை வாரிப் பூசி உனக்கென்னம்மா ஆகப்போகுது?"

"பைலட்டும் செத்துப்போன மனுஷன்தானே சார்."

"அவர் நம்ம ஆள் இல்லையே" என்றார் இயக்குநர், தேநீரை ஆற்றிக்கொண்டே.

அதன் பிறகு தணிந்து பேசினார். பழி விமானி மேல் போனால் திரைக்காரன் வீட்டுக்குப் போகலாம். அவன் மனைவிக்கு இது நிறைமாதம். டிரைவருக்கும் தொல்லை இல்லை. அவளுக்கும் வரவேண்டிய பதவி வரும். போனது போகட்டும், இருப்பவர்கள் பிழைக்கட்டுமே என்றார். கேட்க நியாயம் மாதிரிதான் இருந்தது. நியாயம் மாதிரி இருந்ததுதான் வினை.

கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கிடங்கை மறுபடி சீல் வைக்கப் போனாள். கமாண்டரை அதற்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். பதினான்காவது வரிசையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

பார்த்தாள்.

நடுவில் இருந்த இரண்டு இருக்கைகளிலும் பெல்ட்டை மடித்து வைத்திருந்தது. இனி யாரும் வரப்போவதில்லை என்பதுபோல.

கடைசி இருக்கையில் மட்டும் விரித்தபடி.

காற்று அடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது.

அலுவலகத்துக்கு வந்தபோது இரண்டு தகவல்கள் காத்திருந்தன. ஒன்று டாக்டருடையது. மரணம் மாலை ஆறு பதினான்குக்கு. நுரையீரலைப் பார்த்தால், மனிதர் தரையில் சாகவில்லை. விமானம் பறக்கிற உயரத்தில் செத்திருக்கிறார். எப்படி என்று தன்னைக் கேட்க வேண்டாம் என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

மற்றது விமான நிறுவனத்துடையது. அன்று பதினான்காவது வரிசை முழுவதும் காலி. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், வழியில் டயர் வெடித்ததால் விமானத்தைத் தவறவிட்டிருந்தது.

நான்கு இருக்கை. அவள் விரல்விட்டு எண்ணினாள். சுட்டு வீழ்த்திய அன்று வண்டியில் இருந்தது மூன்று பேர்தான்.

அப்படியானால் நான்காவது யாருக்கும் இல்லை. கணக்குத் தப்பு. அவ்வளவுதான். நிம்மதியாகப் பேனாவைத் திறந்தாள்.

வாசல் பெஞ்ச் காலியாக இருந்தது. விமானியின் மனைவி அன்றைக்கு மட்டும் வரவில்லை.

இயக்குநர் தந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மடித்தாள். உறையில் போட்டு ஒட்டினாள். அரக்கை உருக்கி ஊற்றிப் பெருவிரலை வைத்தாள்.

அரக்கு சுடவில்லை. சில்லென்று இருந்தது.

ப்யூன் வந்து உறையை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினான். அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள்.

தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

காது அடைத்திருந்தது.

கீழே தபால் வண்டி கிளம்பியது. அவள் நாற்காலி கதவோரத்தில் இருந்தது.

டிங்.