தெய்வானை ஆச்சியின் டர்போ காரும் நான் மாற்றச் சொன்ன ஸ்பிரிங்கும்

நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதியத்துக்காகக் கையெழுத்துப் போட, மதுரைக் கருவூல அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. காரைக்குடியிலிருந்து தெய்வானை ஆச்சியின் தம்பி மகள். "அத்தை காலையில தவறிட்டாக" என்றாள். பிறகு அவள் சொன்னது எதுவும் மனதில் தங்கவில்லை. என் முறை வந்ததும் கையெழுத்துப் போட்டேன். கோப்பில் இருப்பதுபோல் இல்லையே என்று அந்த அலுவலர் இன்னொரு முறை போடச் சொன்னார்.

காளையார்கோவிலில் ஆச்சியிடம் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கணவர் மலேயாவில் இளம் வயதிலேயே இறந்துபோக, காரைக்குடிச் செக்காலையில் இருந்த அப்பச்சி வீட்டுக்கு, அதாவது அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து, அதன்பிறகு பட்டமும் ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் முடித்து வேலைக்கு வந்தவர். நான் அதே பள்ளியில் தமிழாசிரியை. செக்காலையில் அவர் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தேன். என் கணவர் அஸ்ஸாமில் ராணுவத்தில் இருந்தார். வீட்டில் மாமியாரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்.

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தினமும் ஆச்சியின் காரில்தான் பள்ளிக்குப் போவேன். அவருடைய அப்பச்சி பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். கான்வாஸ் கூரை. உட்கார்ந்தால் ரோடு நம் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுவதுபோல் இருக்கும். தொண்ணூறாயிரம் மைலுக்கு மேல் ஓடிய என்ஜின். ஏற்றம் எதுவும் இல்லாத நம் ஊர் ரோட்டிலேயே அது மூச்சு வாங்கும்.

ஒருநாள் வழியில் கல்லல் ஊர் தாண்டி ஒரு லாரியை முந்தப்போய், பாதியில் முடியாமல் பின்வாங்கினார். எதிரே மாட்டுவண்டி. அன்று பள்ளி வாசலில் இறங்கியதும் சொன்னார்: "வேகமாப் போறதுல ஆபத்து இல்லை டீச்சர். அடுத்தவன் பாதையில எத்தனை நேரம் நிக்கிறோம்கிறதுலதான் ஆபத்து. அந்த நேரத்தைக் குறைக்கணும்."

குறைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி டர்போ. சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பி, பழையது ஒன்றை ஊருக்கு வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பினார். துணி சுற்றிய நத்தை ஓடு மாதிரி இருந்தது. ஆச்சி எனக்கு விளக்கினார். என்ஜின் வெளியே விடும் புகை ஒரு பக்கத்துச் சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் இருக்கும் மறுசக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தியும் கூடும். எனக்குக் கேட்டதெல்லாம், கிழட்டு என்ஜினுக்குள் எதையோ வலிந்து திணிக்கப்போகிறார் என்பதுதான்.

லேத் பட்டறை ஆறுமுகமும் அவரும் இரண்டு மாதம் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளை முதலில் மாற்றினார்கள். என்ஜினுக்குள் அழுத்தம் அளவு மீறக்கூடாது என்று, என்ஜினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கப் பாத்திரக்காரரிடம் செம்புத் தகடு வெட்டி வாங்கினார்கள். காற்று அதிகமானால் தானாகத் திறந்து வெளியே விட ஒரு வால்வு. அதற்குள் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆச்சி நோட்டில் நான்கு பக்கம் கணக்குப் போட்டிருந்தார்.

கார் ஓடியது, நன்றாகவே ஓடியது. மிதித்தால் ஒரு கணம் தயங்கும். பிறகு முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் பாயும். விசில் மாதிரி ஒரு சத்தம் எழும். மாணவிகளுக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஆசை. பள்ளி வாசலில் நிறுத்தியதும் ஆச்சி உடனே அணைக்க மாட்டார். "சக்கரம் கொதிச்சுப் போயிருக்கு. எண்ணெய் ஓடி ஆறட்டும், ரெண்டு நிமிஷம்" என்பார். அவரிடம் படித்த நீங்களெல்லாம் சுற்றி நின்று பார்ப்பீர்கள். உள்ளே நான் கதவின் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அந்த மாதங்கள் நரகமாக இருந்தன. எண்ணெய் வாடை வந்தால், இதோ தீப்பிடிக்கப்போகிறது என்று தோன்றும். காலையில் பிள்ளைகளுக்குத் தலைவாரும்போது இது கடைசியோ என்று நினைப்பேன். ஆச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை. அத்தனை கவனமாகக் கணக்குப் போட்ட மனுஷியிடம் பயம் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் போகிறேன் என்றால் ஏன் என்று கேட்பாரே.

ஒரு சனிக்கிழமை கார் பட்டறையில் இருந்தது. ஆச்சி பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஆறுமுகத்திடம் போனேன்.

"அந்த வால்வு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கமானதா மாத்திடுங்க. காத்து சீக்கிரமே வெளியே போயிடட்டும், இவ்வளவு வேகம் வேண்டாம். ஆச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "தப்புங்க டீச்சர். கேட்டாகன்னா நான் என்ன சொல்ல?"

"நானே சொல்லிக்கிறேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க ஆறுமுகம்."

"பழைய என்ஜின்தான். எனக்கும் மனசு முழுசா ஒப்பலை" என்று சொல்லிவிட்டு, அவர் ஸ்பேனரை எடுத்தார். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை. ஊருக்குள் மெதுவாகப் போனதில் ஆச்சிக்கு வித்தியாசம் தெரியவில்லை. கல்லலுக்கு அப்பால் முன்னே ஒரு வைக்கோல் லாரி. தூரத்தில் எதிரே ஒரு பஸ். வழக்கமான கணக்குப்படி தாராளமாக நேரம் இருந்தது. ஆச்சி வலப்பக்கம் ஏறி மிதித்தார். விசில் எழுந்தது, வர வேண்டிய தள்ளு வரவில்லை.

என் பக்கம் லாரியின் சக்கரம் காதுக்கு நேராகச் சுற்றியது. வைக்கோல் என் முகத்தில் உரசியது. பின்வாங்கலாம் என்றால் பின்னாலேயே ஒரு ஜீப் நெருங்கி வந்துவிட்டது. ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தபடியே இருந்தார். பஸ் ஓட்டுநர் வண்டியைச் சடாரென்று மண்ணில் இறக்கினார். ஒரு கை அகலத்தில் தப்பினோம்.

ஒரு புளியமரத்தடியில் ஆச்சி காரை நிறுத்தினார். இரண்டு நிமிடம் ஆறவிடாமல் உடனே அணைத்தார். அதற்கு முன் அவர் அப்படி அணைத்து நான் பார்த்ததில்லை. "நேரம் இருந்துச்சு டீச்சர். எனக்கு நல்லாத் தெரியும், நேரம் இருந்துச்சு" என்று இரண்டு தடவை சொன்னார். முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப்போட்டேன். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஆச்சி காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் நாள் நோட்டை விரித்து அந்த நான்கு பக்கத்தையும் திரும்பப் போட்டார். மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டுவரவே இல்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிய ஒரு எளிய கணக்கை அழித்துவிட்டு, பிள்ளைகளிடமே சரியா என்று கேட்டாராம். கண் டாக்டரிடம் போக வேண்டும் என்றார். பஸ் எதையாவது முந்தினால் கண்ணை மூடிக்கொள்வார். நான் விரும்பியது நடந்துவிட்டது: கார் நின்றுவிட்டது, நான் பத்திரமாக இருந்தேன். என்னால் தூங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன். "ஆச்சி, உங்க கணக்குத் தப்பலை. ஸ்பிரிங்கை மாத்தச் சொன்னது நான்தான். ஆறுமுகத்தை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒம்பது நாளா என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை இல்லாம இருந்தேன்" என்றார். "பக்கத்துலதானே இருந்தீக."

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் எழுந்து போய்விடுவார். நான் தனியாகப் பஸ்ஸில் போய் வந்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, கொடுக்கத் தைரியமில்லாமல் கிழித்துப்போட்டேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தால் கார். "நேரமாச்சு, ஏறுங்க" என்றார். உள்ளே என் இருக்கைக்கு நேராக ஒரு அழுத்தமானி புதிதாகப் பொருத்தியிருந்தது. பருத்திக்கு மருந்தடிக்கும் பம்ப்பிலிருந்து எடுத்தது. அதன் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு.

"பழைய ஸ்பிரிங்கையே போட்டாச்சு. முள்ளு இந்தக் கோட்டைத் தொட்டாச் சொல்லுங்க, காலை எடுத்துருவேன். தொடாமலே பயமா இருந்தாலும் சொல்லுங்க, அப்பயும் எடுத்துருவேன்" என்றார். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே, "இனிமே பயத்தை வாயால சொல்லணும் டீச்சர். ஸ்பிரிங்கால சொல்லக்கூடாது" என்றார்.

அன்று காளையார்கோவில் போய்ச் சேருவதற்குள் பதினொரு தடவை சொன்னேன். பதினொரு தடவையும் காலை எடுத்தார். பள்ளிக்கு அரைமணி தாமதம். தலைமையாசிரியை கேட்டபோது, வண்டியில் கோளாறு என்று ஆச்சியே சொல்லிக்கொண்டார். நாளாக ஆகச் சொல்வது குறைந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்கு மாற்றலாகும்வரை நான்கு வருடம் அந்தக் காரில் போனேன். செம்புத் தகட்டை இரண்டு தடவை மாற்றினார்கள். என்ஜின் வெடிக்கவில்லை. பிறகு உதிரி பாகம் கிடைக்காமல் அவரே அதைக் கொட்டகையில் நிறுத்திவிட்டதாகக் கடிதம் எழுதினார்.

போன தை மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். படுக்கையில் இருந்தார். தம்பி மகள் காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்து இழுத்து, "எனக்குப் பயமா இருக்கு டீச்சர். இதுகள்கிட்டச் சொன்னா அழுவுதுக" என்றார். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கையை அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

தன் பயத்தைச் சொல்ல ஆச்சி தேர்ந்தெடுத்த ஆள் நான். ஒரு காலத்தில் என் பயத்தை அவரிடம் மறைத்து அந்த ஸ்பிரிங்கை மாற்றச் சொன்ன நான். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நம்பிக்கை ஒன்றுதான்; இதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.