அரைச் சென்டிமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வந்த ஒடாஹுஹு என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்து மருந்தறையில் எனக்கு வேலை. முழங்கால் உரசினால் பிளாஸ்டர் ஒட்டுவேன். மாதத்துக்கு ஒருக்கால் சில பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுத்து நர்ஸுக்கு எழுதி வைப்பேன். பெரிய படிப்பில்லை; வாய்தான் என் படிப்பு.

அங்கே சோமாலியாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினொரு வயதென்றது கடதாசி. பார்த்தால் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். ஊரில் விடிந்து பொழுதுபடும் வரை ஆடுகளோடு நடந்தவள், பிறகு அகதி முகாமில் பட்டினி கிடந்தவள். கால் மட்டும் கம்பி. ஒருநாள் மைதானத்தில் பெரிய பெடியன் ஒருவன், "ஏய் கட்டை!" என்றான். அவள் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். "கட்டையைப் பிடி பார்ப்பம்!" மூன்று சுற்று. பிடிக்கப் போனவன் புல்லில் மல்லாந்து கிடந்தான்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது," என்று தாயிடம் என் உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"காரம் இருக்கட்டும் சிஸ்டர். சாப்பாடு கிடைத்தால் வளருவாள் என்று முகாமில் சொன்னார்கள். வளர்ந்தாளா?"

முகாமில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவள். மிஞ்சியது இது ஒன்று. மாதாமாதம் மருந்தறை வாசலில் நின்று அதே கேள்வி கேட்பாள். முதல் இரண்டு மாதமும் இல்லையென்றேன். மூன்றாம் மாதம் அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை. அரைச் சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்ற சனத்தில் பிறந்தவள் நான். அரைச் சென்டிமீட்டர் என்ன பெரிய பொய்? அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எழுத்தில் வளர்ந்த பிள்ளையை அடுத்த மாதம் குறுக்க முடியாதே. இன்னொரு அரை. பிறகும் ஒரு அரை. நர்ஸ் பார்த்துவிட்டு, "நல்லா வளர்கிறாள்," என்று தாளைத் திருப்பிவிடுவாள்.

நிறையை மட்டும் உள்ளபடி எழுதினேன். அது தானாகவே ஏறியது. ரோட்டுக்குப் பயந்து தாய் பிள்ளையை வெளியே விடுவதில்லை. வீடு, டீவி, டெய்ரி என்கிற மூலைக்கடையில் வாங்கிய சிப்ஸ். அடுத்த வருட ஓட்டப் போட்டியில் அரைவாசி தூரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கட்டையென்று கூப்பிட்ட அதே பெடியன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப்போனான். அவன் நக்கலடிக்காததுதான் என்னைப் பயப்படுத்தியது.

அதற்குப் பிறகு புது நர்ஸ் வந்தாள். தானே அளந்தாள். "ஏழு சென்டிமீட்டர் குறையுதே. தலையில் பலகையைப் பிழையாக வைத்து அளந்திருக்கிறாய் போல," என்றாள்.

"ஓம், அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்; அங்கே எலும்பின் வயது பார்க்க மணிக்கட்டை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வயது கடதாசியில் உள்ளதைவிடக் கூடவாக இருக்கலாம் என்றார் டாக்டர். எலும்பின் வளரும் நுனி மூடிவிட்டது, இனி வளராது. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் எது தடுக்கிறதென்று தேடியிருக்கலாம்.

தாய் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவவைக் கேளுங்கோ டாக்டர். ஒவ்வொரு மாதமும் அளந்தவ. என் பிள்ளை வளர்ந்தவள்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை இருவரும் மருந்தறைக்கு வந்தார்கள். "அவர்களுடையது பிழை. நீ அள," என்றாள் தாய். பிள்ளை சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். நான் குனிந்தபோது காதருகே சொன்னாள்: "எனக்கு எப்பவோ தெரியும். என் சட்டை இன்னும் அதே நீளம்தானே."

பலகையை இறக்கினேன். உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

"இன்னொருக்கால்," என்றாள் தாய்.

அளந்தேன்.

"இன்னொருக்கால்."

பிள்ளை அசையாமல் நின்றாள்.