பிழையக்கா வாங்கிய காவல்

அந்தத் தெருவில் அவளைப் 'பிழையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பாடப் புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. மருந்துக்கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை வாங்குவாள்.

முப்பது தாண்டியபோது வந்த ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு அது வித்தை. அவளுக்கோ அது இன்னொரு வேலை. பாதி உதட்டில் தெரியும், மீதியை ஊகிக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கண்ணும் பிடரியும் விட்டுப்போகும். "இன்னைக்கு இதுக்கு மேல யாரும் என்கிட்ட பேசாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கணவர் வெளியூர்ப் பேருந்து ஓட்டுநர். போனால் மறுநாள்தான் வருவார். ஒரே மகனுக்கும் வேறு ஊரில் வேலை. வீட்டில் பெரும்பாலும் அவளும் அச்சுத்தாள்களும்தான்.

ஒரு பட்டப்பகலில் திருடன் வந்தான். தாழ்ப்பாள் போட மறந்து, ஜன்னலோர மேசையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அறிவியல் பாடம் திருத்திக்கொண்டிருந்தாள் அவள். வந்தவன் சுவரிலிருந்து டிவியைக் கழற்றி, அலமாரியைக் குடைந்து, சாவகாசமாகப் போய்விட்டான். வேலை முடிந்து வந்த கணவர் வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றார். பிறகு, அவளைக் கூப்பிட எப்போதும் செய்வதுபோல விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவள் திரும்பினாள்.

"டிவி எங்க?"

"அங்கதானே இருக்கு."

"திருடன் வந்து வீட்டைத் துடைச்சுட்டுப் போயிருக்கான். நீ கமா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே!"

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். டிவி போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எவனோ ஒருவன் முதுகுக்குப் பின்னால் நின்று தன் கழுத்தைப் பார்த்திருப்பான் என்ற நினைப்புதான் ஆளைத் தின்றது.

மேசையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் போனது, தலைவலி வந்தது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் எழுந்து எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். மதியம் கொஞ்சம் கண்ணயரும் வழக்கம் அடியோடு நின்றது. 'கடல் நீர்' என்பது 'கடன் நீர்' என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டாள். அச்சக மேலாளர் அதைச் சுட்டிக்காட்டிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மகன் வீடியோவில் வந்தான். "அம்மா, பூட்டு, கேமரா, லைட்டு, கேஸ் எல்லாத்தையும் சேத்து ஒரே சிஸ்டமா போட்டுடலாம். ரூமுக்கு ரூம் கேமரா. நான் இங்கிருந்தே பாத்துக்குவேன்."

"நான் தலை சீவுறதையும் கொட்டாவி விடுறதையும் ஆபீஸ்ல உக்காந்து பாக்கப் போறியா? உனக்கு வேற வேலை இல்லையா?"

"உன் பாதுகாப்புக்குத்தாம்மா." அவன் முகம் சுண்டிப்போனது.

ஒரு கம்பெனி விற்பனையாளர் வீட்டுக்கே வந்தார். எல்லாவற்றையும் கணவரைப் பார்த்தே விளக்கினார். அவளுக்குத் தெரிந்தது உதடல்ல, அவருடைய காது மட்டும். கடைசியில் அலாரத்தை ஒலிக்கவிட்டுக் காட்டினார். கணவர் காதைப் பொத்திக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்: "எப்ப அடிக்கப் போறீங்க?"

விற்பனையாளருக்கு முகம் வெளுத்தது. "அது... கதவு திறந்தா சாருக்கு மெசேஜ் போகும் மேடம். உங்க பையனுக்குப் போகும். எங்க ஆபீஸுக்கும் போகும்."

"எனக்கு என்ன வரும்?"

அவர் அலாரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பிறகு அவளே கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு கடையில், வாயால் சொன்னாலே விளக்கெரியும் கருவி இருந்தது. காது போனதிலிருந்து ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகிவிட்ட அவள் குரல் அதற்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர்கள் சிரிப்பை அடக்கியது நன்றாகவே தெரிந்தது. இன்னொரு கடையில் பேசியவருக்கு உதட்டை மூடும் மீசை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். "எதையாவது வாங்கித் தொலைப்போம்" என்றார் கணவர். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் மறுவாரம் இன்னொரு கடைக்குப் போனாள். அங்கே சாமான்களைப் பொருத்தித் தரும் பெண் ஒருத்தி கணினியைப் பார்த்தபடி பேசத் தொடங்கினாள்.

"என் மூஞ்சியப் பாத்துப் பேசும்மா, எனக்குக் காது கேக்காது. கதவைத் திறந்தா என் மேசை விளக்கு மினுக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். முடியுமா?"

"முடியும்கா. பெல்லுக்கும் புகைக்கும்கூட மினுக்க வைக்கலாம். தலையணைக்கு அடியில ஒண்ணு வச்சா, தூங்கும்போது ஆட்டி எழுப்பும்."

"நெட் போயிட்டா?"

"வீட்டுக்குள்ள எல்லாம் நடக்கும். வெளியூருக்குத் தகவல்தான் போகாது."

அதுவே முடிவானது. மகனுக்காக வாசலுக்கு வெளியே ஒரே ஒரு கேமரா. அவன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, யார் வந்துட்டுப் போறாங்கன்னாவது தெரியுமே" என்று இறங்கி வந்தான்.

மேசை ஜன்னலுக்குத் திரும்பியது. ஆனால் நிம்மதி உடனே வந்துவிடவில்லை. கணவர் பால்கனிக் கதவைத் திறந்தால் விளக்கு மினுக்கியது. காற்றில் அந்தக் கதவு ஆடினாலும் மினுக்கியது. அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து, வாசலை மட்டும் வைத்துக்கொண்டாள். அடுத்து அழைப்பு மணி. கூப்பிட்டால் தெரிகிறது என்றதும் ஊரே மணியை அழுத்தியது. பார்சல்காரர், சந்தா கேட்பவர், கறிவேப்பிலை கேட்டு எதிர்வீட்டு அம்மா. ஒவ்வொருவருக்கும் எழுந்துபோய் உதட்டைப் படிக்க வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷம் எவ்வளவு வசதியா இருந்திருக்கேன் பாருங்க" என்றாள் கணவரிடம்.

"மதியத்துல பெல்லை நிறுத்திடு. கதவு மட்டும் இருக்கட்டும்."

அப்படியே செய்தாள். ஒரு மதியம், ஆட்டி எழுப்பும் அந்தத் தட்டையான வில்லையைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். எப்போது அயர்ந்தாளோ தெரியாது. தலையணை அதிர்ந்து நடுங்கியதும் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். அறைக்கதவு வழியே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் காலணி கழற்றுவதாக நினைத்து நுனிக்காலில் நின்றார்.

"என்ன, எழுப்பிட்டேனா?"

"ம். சோறு மேசைல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தாள்.