தேதி எழுதாத கேசட்

ராயபுரத்தில் எங்கள் சித்தப்பாவின் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவரைத் திட்டியிருப்பார்கள். காதல் பாட்டு தனி, சோகப் பாட்டு தனி என்று பிரிக்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. எந்தப் பாட்டு எந்த நாளில் பதிவானதோ அந்த வரிசைதான். படம் வெளியான தேதியைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். பாடியவர் மைக் முன்னால் நின்ற நாள்தான் கணக்கு. திருவொற்றியூரில் ஒரு கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கேக் ஊட்டுகிற நேரம் பார்த்து ஸ்பீக்கரில் ஒப்பாரிப் பாட்டு வந்துவிட்டது. பெண்ணின் அப்பா கடைக்கே வந்து சித்தப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"நான் இன்னா பண்றது நைனா? அடுத்தாப்ல ரெக்கார்டு ஆனது அதான்" என்றார் சித்தப்பா, கொஞ்சமும் அசராமல்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அத்தை. சித்தப்பாவுக்கு அக்கா, ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். தாவணி போட்ட வயதில் அத்தை சொந்தமாக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக் கட்டினாளாம். சர்ச்சில் ஒரு மூலையில் தோழிகளோடு அதைப் பாடிப் பார்த்தபோது, பொடியனாக இருந்த சித்தப்பா டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்தார். சில வருஷங்கள் கழித்துப் பின்தெருக் கேரல் குழு ஒரு கேசட் போட்டது. அதில் அதே பாட்டு இருந்தது. எப்படி அங்கே போனதோ யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் வீடு வீடாகக் கேரல் போன அத்தை தன் பாட்டைப் பாட, பின்தெருக்காரர்கள் அவளைப் பாட்டுத் திருடி என்று சொல்லிவிட்டார்கள். மீன் வாங்கப் போனாலும் பூசைக்குப் போனாலும் அந்தப் பேர் கூடவே போனது. சித்தப்பா தன் கேசட்டைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்க ஓடினார். "இதுல தேதி எங்கடா போட்டுக்கீது?" என்று போட்டுக்கூடக் கேட்காமல் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அத்தை அதோடு பாடுவதை விட்டுவிட்டாள். துணி துவைக்கும்போதுகூட அவள் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கிறிஸ்துமஸ் விழாவுக்காக எல்லாத் தெருக்களின் பழைய கேரல் பாட்டுகளையும் ஒன்றாகக் கோத்துத் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் சித்தப்பாவைக் கேட்டார். வரிசை என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் நான் நேராகக் கடைக்குப் போய்விடுவேன். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என்னால்தான் நடக்கிறது என்று எனக்கு நினைப்பு.

அத்தையின் கேசட்டில் பாட்டுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அதைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அதை எடுத்துவிடலாம் என்றேன்.

"கைய வச்சே, கை இருக்காது. அன்னிக்கு இன்னா சத்தம் இருந்துச்சோ அத்தினியும் இருக்கணும்" என்றார் சித்தப்பா. அதைப் பின்தெருப் பாட்டுக்கு முன்னால் போட்டார்.

விழா அன்று சாயங்காலம் சர்ச் மைதானம் நிரம்பி வழிந்தது. பின்தெருக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் முறுக்கு மீசைக்காரர். அவர்கள் கேசட்டில் அந்தப் பாட்டின் முதல் வரியை அவர்தான் சின்னப் பையனாகப் பாடியிருந்தார். அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அத்தையின் குரல் முதலில் வந்ததுமே ஆள் எழுந்து வந்துவிட்டார்.

"யோவ், இன்னாயா இது முன்னாடி வருது? நான் ஆறு வயசுல பாடுனது, ஊருக்கே தெரியும். ஒங்களுதுக்குத் தேதி கீதா?"

மீசைக்காரர் ஸ்பீக்கர் ஒயரில் கை வைத்தார். கடைசி வரிசையில் அத்தை எழுந்து செருப்பைத் தேடுவது தெரிந்தது.

"டேய், கைய எடு! அந்தப் பாட்ட திரும்பப் போடுப்பா!"

கத்தியது மீசைக்காரரின் அம்மா. அத்தைக்குத் திருடி என்று பேர் வைத்த வாய்களில் அவர் வாயும் ஒன்று. சித்தப்பா திரும்பப் போட்டார். மைதானமே கேட்டது. குழந்தை கத்தியது, "அழுவாதடா ராஜா, சாமியாரு தண்ணிதான ஊத்துனாரு" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"ஐயோ, இது நானு!" என்று அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "கத்தறது நீதாண்டா! ஒனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கு சர்ச்சே ரெண்டாவுற மாதிரி கத்துனியே. பொண்ணுங்கோ அப்ப ஓரமா பாடிக்கினு இருந்தாங்கடா."

கைக்குழந்தையாக எங்கள் கேசட்டில் அழுதவர்தான் ஆறு வயதில் அவர்கள் கேசட்டில் பாடியிருக்கிறார். இதற்கு மேல் தேதி எதற்கு? மைதானம் சிரித்த சிரிப்பில் மீசைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தெரு விசிலடித்தது, டிரம் அடித்தது, யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். சித்தப்பா நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார். "நாங்கதான் ஜெயிச்சோம்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அத்தனை பெருமையை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையும் எந்த வேலையும் எனக்குத் தந்ததில்லை.

அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோ கண்ணு, தெரியாம வாய விட்டுட்டோம்" என்று அழுதார். அத்தை நேராக மைக்குக்குப் போனாள். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவதில் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவள் பாடியதைக் கேட்டு எங்கள் அப்பா எல்லார் முன்னிலையிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாதியில் நிறுத்திய அத்தை மீசைக்காரரைக் கைகாட்டி அழைத்தாள். "வாப்பா, மொத வரிய நீ எடு. ஒங்க தெருவும் வாங்கோ. இனிமே இது ரெண்டு தெருவுக்கும் பாட்டு" என்றாள். பின்தெருவே மேடைக்கு ஓடிவந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை பாடுபட்டு மீட்ட பாட்டை அந்த நிமிஷமே தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று கைதட்டாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். திருடி என்று பேர் வாங்கியவளால் தன் பொருளைக்கூட ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்பதும், கொடுக்க முடிந்ததுதான் அன்று அத்தை ஜெயித்த ஜெயம் என்பதும் எனக்கு அப்போது எப்படித் தெரியும்?