சிவப்புப் பேனா ராஜகோபாலன்

'போல' என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், ராஜகோபாலனின் சிவப்புப் பேனா அங்கேயே நின்றுவிடும். முகம் நிலவைப் போல என்றிருந்தால் ஒரு கோடு. கண்ணீர் முத்துமுத்தாக உதிர்ந்தால் இரண்டு கோடு. "நிலாவைப் பார்த்துண்டே எழுதறா. மொகத்தைப் பார்த்து எழுதப்படாதோ?" என்று முனகிக்கொண்டே அடுத்த வரிக்குப் போவார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் இருந்துகொண்டு, இருபத்தெட்டு வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். எழுத்துப் பிழை திருத்தத்தான் கொடுக்கிறார்கள். ஆறிப்போன உவமைகளையும் சேர்த்து அடித்துத் தருவது அவருடைய சொந்தக் கைங்கரியம். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி எல்லாம் மனப்பாடம். பிடித்தது தன்மை நவிற்சி ஒன்றுதான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது. காப்பி எப்படி என்று மனைவி விசாலாக்ஷி கேட்டால்கூட, "சூடா இருக்கு" என்பதோடு சரி. அவரும் பாவம், நாற்பது வருடமாகக் கேட்டுப் பார்க்கிறார்.

அடித்ததை மறுபடி வைத்துக்கொள்ள வேண்டுமானால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பது மெய்ப்புப் பார்ப்பவர்களின் வழக்கம். ராஜகோபாலன் புள்ளி வைத்து யாரும் பார்த்ததில்லை. எழுத்தாளர் சாய்நாத் ஒரே கதையில் பதினோரு உவமைகளைப் பறிகொடுத்துவிட்டுச் சண்டைக்கே வந்தார். புத்தகம் வெளியானதும் முதல் பிரதியோடு வந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் போன மே மாதம் அச்சகத்துக்குப் போகிற வழியில், சாந்தோமில், வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தார். பார்த்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மீன் விற்றுக்கொண்டிருந்த தேசம்மாதான் ஓடிவந்து, அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீனுக்குத் தெளிக்கும் தண்ணீரை முகத்தில் அடித்தார். "நைனா, கண்ணத் தொற நைனா" என்ற குரல் மட்டும் ராஜகோபாலனுக்கு நினைவிருக்கிறது. கூடையைக் காக்கை கொத்தினாலும் கொத்தட்டும் என்று போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்து, விசாலாக்ஷி வரும்வரை அந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன் வாடையே அறியாத அந்த வீட்டில், அன்றைய சட்டையை இரண்டு நாள் துவைக்க விடவில்லை ராஜகோபாலன்.

நன்றி சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. வழக்கமாக மெய்ப்புப் பார்க்கும் வார இதழில் அரைப் பக்கம் கேட்டு வாங்கினார். 'பெற்ற தாயைப் போல' என்று தொடங்கினார். கை தானாக அடித்தது. அடுத்துத் தெய்வம் வந்தது. அதுவும் போயிற்று. ஊரார் உவமையையெல்லாம் வெட்டித் தள்ளியவருக்குத் தன் உயிரைக் காத்தவரைச் சொல்ல ஒரு வரி அகப்படாமல் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் வெயில், மடி, கூடை, காக்கை என்று நடந்ததை மட்டும் எழுதி முடித்தார். அச்சுக்குப் போகுமுன் உரியவரிடம் படித்துக் காட்டிவிட வேண்டும் என்று சாந்தோமுக்குப் போனார்.

தேசம்மா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். காக்கை கூடையில் புகுந்த இடத்தில் சிரித்தார். அப்புறம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளின் மேலே சிவப்பாகக் கிடந்ததைக் காட்டினார்.

"இங்க இன்னா சார் அடிச்சி வச்சிக்கீறே?"

ராஜகோபாலன் தயங்கித் தயங்கி, 'பெற்ற தாயைப் போல' என்ற அந்த வரியைப் படித்தார்.

"நல்லாத்தானே கீது? அத்த ஏன் அடிச்சே?"

எல்லோரும் எல்லோரையும் பற்றிச் சொல்வது, சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனது, தேசம்மா செய்ததற்கு அது போதாது என்று அவர் விளக்கினார். தன்னைவிட இருபது வயது சின்னவரைத் தாய் என்பது எப்படிப் பொருந்தும் என்றும் கேட்டார்.

தேசம்மா கத்தியைக் கீழே வைத்தார். "எல்லாரும் எல்லாரையும் சொல்லிக்கட்டும் சார். என்னை இதுவரிக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

ராஜகோபாலன் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மீன் பலகையின் ஓரத்தில் தாளை வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, அடித்த வரியின் அடியில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்கத் தொடங்கினார்.