உளவியல் படித்த ஐஸ்பெட்டி

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் கவுன்ட்டரில் உட்காருவது அவள் வேலை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கோபத்தோடுதான் வருவார்கள். மெஷின் ஒழுங்காக ஓடினால் யார் அந்தப் படி ஏறப்போகிறார்கள்? யார் என்ன திட்டினாலும் குரல் உயராமல் பதில் சொல்லிச் சொல்லி, அவளுக்கு 'ஐஸ்பெட்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலில் அது பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக, உள்ளே ஒன்றுமே இல்லாத பெட்டியாகிவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது காலோடு சேர்ந்து நாக்கும் ஓய்ந்திருக்கும்.

மகள் கல்லூரியில் உளவியல் எடுத்தாள். பிடிக்காமல் வேறு பாடத்துக்கு மாறி விடுதிக்குப் போய்விட்டாள். மகள் விட்டுப்போன புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட எடுத்த இவள், சும்மா ஒரு பக்கம் புரட்டினாள். மனிதருக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஒரு பாடம். நமக்குச் சோறு போடுவதே இதுதானே என்று சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் ஒரு பக்கம், முடியாத நாளில் அரைப் பக்கம். புரியாததை மகளிடம் போனில் கேட்டாள். பரீட்சையே இல்லாத படிப்புக்கு ஏன் இந்தப் பாடு என்று மகள் சிரித்தாள். ஆனால் ஓர் இடம் நெஞ்சில் தைத்தது: அடுத்தவர் தப்பு செய்தால் அவர் குணமே அப்படி என்போம், அதையே நாம் செய்தால் நிலைமை அப்படி என்போம்.

அந்த வாரமே ஒருவர், வாஷிங் மெஷின் இன்னும் சரியாகவில்லை என்று வந்து மேஜையைக் குத்தினார். வழக்கமான மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள். மனிதர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவிக்குக் கை முறிந்து, துணியெல்லாம் அவர்தான் துவைக்கிறாராம்.

அதோடு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நோய் கண்டுபிடித்தாள். சிறுவயதில் கவனிப்பு கிடைக்காததால்தான் இப்படிப் பொறாமைப்படுகிறாய் என்று நாத்தனாரிடமே சொன்னாள். நாத்தனார் போனை வைத்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்து மாட்டியது கணவர். அவர் இரும்புத் தகடு அழுத்தும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவர். கொஞ்ச காலமாகவே கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. மனத்தாங்கலை வாயால் சொல்லாமல் மௌனத்தால் தண்டிப்பவர்கள் உண்டு என்று புத்தகத்தில் இருந்தது. இவர் அந்த ரகம் என்று முடிவு கட்டினாள். குறை சொல்லாமல் தன் வருத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தபடியே, "நீங்க பேசாம இருந்தா எனக்கு கஷ்டமா இருக்குங்க" என்றாள். அவர் டிவியைப் பார்த்தபடியே, பால் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கிவருகிறேன் என்றார். கேலி செய்கிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றாள். அவர் விரலை ஓட்டி ஓட்டி நிதானமாகப் படித்து முடித்தார்.

"இதுல காதைப் பத்தி ஒண்ணும் இல்லையே," என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"இடது காது போயிடுச்சு. வலதும் பாதிதான். பட்டறையில தெரிஞ்சா மெஷின்லேருந்து எடுத்துடுவாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "நீ கேக்கவே இல்லையே. வீட்டுக்கு வந்தா நீ முணுமுணுன்னுதான் பேசறே. மத்தவங்க பேசறதாவது கொஞ்சம் விழுது."

அவள் புத்தகத்தை மூடினாள். முன்பின் தெரியாத மனிதரிடம் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்கத் தெரிந்தது. கூடவே இருக்கிறவரிடம் தோன்றவில்லை. அவர் குணமே அப்படி என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குரலையெல்லாம் கவுன்ட்டரிலேயே செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வெறும் காற்றைத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மருத்துவரைப் பார்த்தார்கள். காதுக்குக் கருவி வந்தது. பட்டறையில் விஷயத்தைச் சொன்னதும், பயந்தபடியே அவரை மெஷினிலிருந்து எடுத்துச் சரக்கு கட்டும் பிரிவில் போட்டார்கள். பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் விடாமல் போனில் கூப்பிட்டதில், நாத்தனார் ஒரு நாள் எடுத்தாள். மன்னிப்பைக் காதில் வாங்காமல் முட்டிவலியைப் பற்றியே பேசினாள். இவள் ஆலோசனை ஒன்றும் சொல்லாமல் உம் கொட்டினாள்.

படிப்பை அவள் விடவில்லை. ஆனால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நேற்று சாயங்காலம் கணவர் வந்ததும் வராததுமாகக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் எந்தப் பக்கத்தையும் புரட்டவில்லை. எதிரே போய் நின்று, அலுப்பா இருக்கா என்று ஜாடையில் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.