மூன்று இழுப்பு

இருட்டும் நாய் ஊளையும் இருந்தால்தான் பேய் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. காரைக்காலில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், போன பங்குனியில். நம்பாதவர்கள் தேவிகாவையே கேட்டுக்கொள்ளலாம். கயிறு என்ற பேச்சை மட்டும் அவளிடம் எடுக்காதீர்கள்.

தேவிகா கோட்டுச்சேரிப் பெண். இளநிலைப் பொறியாளர். முப்பது வருடப் பழைய நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை அவள் பொறுப்பில் இருந்தது. புதுப் பம்புகள் வந்து ஓடத் தொடங்கிவிட்டன. பழைய கழிவுநீர்க் கிணற்றின் அடியில் துருவேறி இறுகிப்போன ஒரு வால்வை மட்டும் கழற்ற வேண்டும். இயந்திரத்தால் முடியவில்லை. ஆள்தான் இறங்க வேண்டும். அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. காற்று சிலிண்டர், முகமூடி, இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் சரிபார்த்தாள். விஷவாயு இல்லை என்று மீட்டர் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

மதியத்தில் ஊரில் தண்ணீர்ப் புழக்கம் குறைவு. கிணறு வற்றிக் கிடக்கும். 2.10-க்குத் தொழிலாளி அஷ்வின் இறங்கினான். கயிற்றின் மேல்முனை சிவநாதன் கையில். அவர் சுரக்குடிக்காரர். அஷ்வின் அவர் தங்கை புருஷன். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று இழுப்பு என்றால் ஆபத்து, தூக்கு.

2.15. ஒரு இழுப்பு.

2.20. ஒரு இழுப்பு.

2.22-க்கு தேவிகாவுக்கு ஃபோன் வந்தது. பம்ப் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளிப்போய்ப் பேசிவிட்டுத் திரும்பினாள். மணி 2.26.

சிவநாதன் முகம் வெளிறிக் கிடந்தது.

"மேடம்... மூணு தடவ இழுத்துட்டான்."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. பெயர் சொல்லிக் கத்தினார்கள். பதில் இல்லை.

மறுபடியும் கயிறு துள்ளியது. ஒன்று... இரண்டு... மூன்று.

சிவநாதன் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

"மாஸ்க் இல்லாம இறங்காதீங்க! தீயணைப்புக்குச் சொல்றேன்."

"அவங்க வர்ற வரைக்கும்? என் தங்கச்சிக்கு நான் என்னங்க பதில் சொல்லுவேன்?"

இப்படிக் காப்பாற்ற இறங்கியவர்கள் எத்தனை பேர் பிணமாக வந்திருக்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியும். தேவிகா மறு கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவர் திமிறினார். இரண்டு படி இறங்கியும் விட்டார்.

"மச்சான்! என்ன பண்றீங்க?"

பின்னாலிருந்து குரல்.

அஷ்வின். முகமெல்லாம் ஈரம். கையில் முகமூடி.

கயிறு குழாயில் சிக்கிக்கொண்டதாம். கொக்கியைக் கழற்றிவிட்டு, பம்ப் அறைக்குப் பின்னால் ஏறும் மறுபக்க ஏணி வழியாக வந்துவிட்டானாம். கத்தியிருக்கிறான், பம்ப் சத்தத்தில் இவர்களுக்குக் கேட்கவில்லை. முகம் கழுவப் போயிருக்கிறான்.

"எப்ப ஏறுன?"

"ரெண்டு பதினெட்டு இருக்கும்."

அப்படியானால் 2.20-க்கு...

கயிறு இன்னும் தேவிகாவின் கையில்தான் இருந்தது. விறைப்பாக.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கயிற்றை விட்டுவிட்டாள்.

கயிறு சரிந்து விழவில்லை. முழம் முழமாக... நிதானமாக... உள்ளே போனது.

மீட்டரைக் கட்டி இறக்கினார்கள். ஐந்தடியிலேயே விஷவாயு என்று அலறியது. சிவநாதன் அஷ்வினைக் கட்டிக்கொண்டு அழுதார். தேவிகாவும் அழுதாள், வெட்கமே படாமல்.

வால்வு போனால் போகட்டும், கிணற்றை மணல் கொட்டி மூடிவிடலாம் என்று அன்றே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காவலாளி சிதம்பரநாதன் அவளிடம் வந்தார். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருப்பவர்; முதலில் கிணற்றில் இறங்கும் வேலை பார்த்தவர்.

"தெட்சிணாமூர்த்தின்னு ஒருத்தர் இதுலதாங்க செத்தாரு. நான் உள்ள இருக்கேன்னு நெனச்சு எறங்கிட்டாரு. நான் அப்ப மேல வந்து தண்ணி குடிச்சிக்கிட்டிருந்தேன்."

தேவிகா கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். "அவர்தான் இழுக்குறாரா?"

"அது எப்படிங்க? கயிறு மூணு தடவ இழுத்துச்சுன்னுதான் அவரே எறங்குனாரு. கிணறு தொறந்து அப்ப ஒரு மாசங்கூட ஆவல. அவருக்கு முன்னாடி அதுல யாருமே சாவல, மேடம்."